இரண்டால் பெருக்கினால் பூஜ்யம்

எங்கள் லெம்மா, நாங்கள் இருவரும் சேர்ந்து நிறுவிய துணைத் தேற்றம், பொய் என்பது எனக்குத் தெரிவதற்குப் பல மாதங்கள் முன்பே என் கணவனுக்குத் தெரிந்திருந்தது. அந்த மாதங்களில் நாங்கள் செம்பூரில் ஒரே அறையில் தூங்கினோம், ஒரே குக்கரில் சோறு வைத்தோம். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் தாராவியில் அம்மா வீட்டுக்குப் போனோம். அம்மா எனக்கு மீன்குழம்பும் அவனுக்குத் தனியாக ரசமும் வைத்திருப்பாள். திரும்பி வரும் வழியில் நான் எங்கள் லெம்மாவின் மேல் எழுப்பிக்கொண்டிருந்த அடுத்த கட்டுரையைப் பற்றிப் பேசிக்கொண்டே வருவேன். அவன் கேட்டுக்கொண்டே வருவான்.

நாங்கள் இருவரும் கணிதம் படித்தவர்கள். நகரத்தின் தென்முனையில் கடலை ஒட்டி இருக்கும் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் ஒரே காலத்தில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தோம். அவன் மாட்டுங்காக்காரன். அப்பா இன்சூரன்ஸ் கம்பெனியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் எல்லோரும் ஏதோ ஓர் அலுவலகத்துக்குப் போய் வருகிறவர்கள். எங்கள் குடும்பம் திருநெல்வேலிக்குத் தெற்கே இருந்து வந்து தாராவியில் குடியேறியது. அப்பா ஆலையில் வெல்டர். நான் கல்லூரியில் இருக்கும்போதே இறந்துபோனார். இரண்டு வீட்டுக்கும் பிடிக்காத கல்யாணம்தான். ஆனால் எங்களுக்குள் பேச ஒரு விஷயம் இருந்தது, அது தீரவே தீராது என்று நம்பினோம்.

அந்த விஷயத்துக்கு வெட்டுக் கோட்பாடு என்று பெயர். இரண்டு வளைவுகள் ஒன்றையொன்று எத்தனை இடத்தில் வெட்டுகின்றன என்று கேட்பதில் தொடங்குவது அது. எங்கள் பங்கு அதில் கொஞ்சம் சிக்கலான இடம். வளைவுகள் இருக்கும் வெளி முழுவதும் ஒரு குலத்தின் பிடியில் இருக்கும். குலம் என்றால் சுழற்றுதல், நகர்த்துதல், இடம் மாற்றுதல் போன்ற அசைவுகளின் கூட்டம். அந்த அசைவுகளோடு ஒத்துப்போகிற விதத்தில் வெட்டுகளை எண்ண வேண்டும்.

அவன் முதல்முறை தாராவி வீட்டுக்கு வந்தபோது அம்மா கேட்டாள்.

"நீங்க ரெண்டு பேரும் அப்படி என்னதான் கணக்குப் போடுதிய, மாப்பிள்ள?"

"ரெண்டு வளைவு எங்க எங்க வெட்டிக்கறதுன்னு எண்ணறோம்மா."

"அதுக்கா இத்தன வருசம்?"

அவன் வாய்விட்டுச் சிரித்தான். தட்டில் இருந்த அப்பளத்தைச் சுழற்றிக் காட்டி விளக்க ஆரம்பித்தான். அம்மா அப்பளத்தைப் பிடுங்கி, "அத முதல்ல சாப்பிடுங்க" என்றாள். அந்த மதியம் நான் மிகவும் சந்தோஷமாக இருந்தேன்.

சுழலும் ஒரு கோளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மேல் முனையும் கீழ் முனையும் மட்டும் அசையாது. கோளத்தைப் பற்றிய கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு அந்த இரண்டு அசையாப் புள்ளிகளிலிருந்தே விடை எடுத்துவிடலாம். இந்தத் துறையில் நான் முதலில் காதலித்தது இதைத்தான். ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. கணக்கின் நடுவே பின்னங்களை அனுமதிக்க வேண்டும். பின்னம் வந்ததும் சில கணிதப் பொருள்கள் காணாமல் போய்விடும். ஒரு பொருள் தானாகப் பூஜ்யம் இல்லை, ஆனால் இரண்டால் பெருக்கினால் பூஜ்யம் ஆகிவிடுகிறது என்று வையுங்கள். அரை என்ற எண் கையில் இருந்தால் அதுவும் பூஜ்யம் என்று ஆகிவிடும். முழு எண்களோடு மட்டும் நின்றால்தான் அது உயிரோடு இருக்கும். பின்னங்களை வைத்துப் பெரியவர்கள் எல்லாவற்றையும் எங்களுக்கு முன்பே முடித்திருந்தார்கள். மிச்சம் இருந்தது முழு எண்கள். நாங்கள் அங்கே போனோம்.

வழி இதுதான். வெளியைத் துண்டுகளாக வெட்டுவது, ஒவ்வொரு துண்டிலும் விடை காண்பது, பிறகு துண்டுகளைத் தைத்துச் சேர்ப்பது. தையல் நிற்க ஒரு நிபந்தனை வேண்டும். ஒரு துண்டிலிருந்து வெளியே போகும் திசைக்கு என்று ஒரு கணிதப் பொருள் உண்டு. பூஜ்யம் அல்லாத எதை அதனால் பெருக்கினாலும் அது செத்துப் பூஜ்யம் ஆகக் கூடாது. நாங்கள் எடுத்துக்கொண்ட ஒரு வகைக் குலச் செயல்பாடுகளுக்கு இந்த நிபந்தனை எப்போதும் நிறைவேறும் என்பதுதான் எங்கள் லெம்மா. மற்றதெல்லாம் அதன் மேல் நின்றது.

அதை நிறுவியது செம்பூர் வீட்டின் சமையல் மேடையில். அடுப்புக்கு மேலே வெள்ளை டைல்ஸ் பதித்திருந்தார்கள். அதில் மார்க்கர் பேனாவால் எழுதுவோம். எண்ணெய் தெறித்த இடத்தில் மை பிடிக்காது, அந்த இடத்தைத் தாண்டி எழுதுவோம். ஒரு மழைக்காலக் காலையில் அவன் கரண்டியும் கையுமாக நின்று கடைசி வரியை எழுதிவிட்டு, "ஆயிடுத்துடி" என்றான். உப்புமா அடிப்பிடித்துவிட்டது. அதையே சாப்பிட்டோம்.

கட்டுரையை ஒரு நல்ல இதழுக்கு அனுப்பினோம். இந்தத் துறையில் நடுவர் படித்து முடிக்க வருடக்கணக்கில் ஆகும். அதுவரை வாழ வேண்டுமே. நான் ஒரு கல்லூரியில் மணிக்கணக்கு விரிவுரையாளராகச் சேர்ந்தேன். வகுப்பு எடுத்தால் உண்டு, விடுமுறை வந்தால் இல்லை. அவனுக்குக் கிடைத்திருந்த ஆராய்ச்சி உதவி முடிந்ததும் தாணேயில் ஒரு கோச்சிங் கிளாஸில் சேர்ந்தான். பொறியியல் நுழைவுத் தேர்வுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்யும் இடம். "தாற்காலிகம்தான்" என்றான். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அந்தக் குளிர்காலத்தில் அவன் மாறினான். அதை அப்போது நான் களைப்பு என்று எடுத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்ததும் போனில் கிரிக்கெட் பார்ப்பான். என் புதிய கட்டுரையின் பக்கங்களைக் கொடுத்தால் படித்துவிட்டு "நன்னா இருக்கு" என்பான். முன்பெல்லாம் அவன் அப்படிச் சொன்னதே கிடையாது. "இந்த வரி எப்படி வந்தது? கையை ஆட்டாதே, எழுதிக் காட்டு" என்பவன். ஒருமுறை வெறுமனே, "கொஞ்சம் நிறுத்தி வேற ஏதாவது பண்ணேன்" என்றான். "எதுக்கு?" என்றேன். "சும்மாதான்" என்றான். நான் சண்டை போட்டேன். கோச்சிங் உன்னை மந்தமாக்கிவிட்டது என்றேன். அவன் மறுபடி போனை எடுத்துக் கிரிக்கெட் பார்த்தான்.

எங்கள் கட்டுரையின் முன்வரைவைப் படித்துவிட்டு வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவர் எனக்கு எழுதியிருந்தார். தன்னிடம் இரண்டு வருட ஆராய்ச்சிப் பணி இருக்கிறது, வர விருப்பமா என்று. புனேயில் ஒரு கருத்தரங்கில் பேசவும் அழைப்பு வந்தது. அம்மா தெருவில் எல்லோரிடமும் சொல்லிவிட்டாள். புனேக்குப் புறப்பட்ட காலையில் அவன் ஸ்டேஷன் வரை வந்தான். பெஞ்சில் உட்கார்ந்து என் பையைப் பிடித்துக்கொண்டிருந்தான். ஏதோ சொல்ல வருவது போல் இருந்தது. வண்டி வந்துவிட்டது.

பேச்சு நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. லெம்மாவைப் பலகையில் எழுதி, அடுத்த பக்கத்துக்கு நகர்ந்தபோது பின்வரிசையில் ஒரு பெண் கை தூக்கினாள். ஆராய்ச்சி மாணவி, என்னைவிடப் பத்து வயதாவது சின்னவள். தயங்கித் தயங்கித்தான் கேட்டாள்.

"மேம், சாதாரண கூம்பு வளைவுகளுக்கு இது சரியா வருமா? தளத்தில் இருக்கிற எல்லாக் கூம்பு வளைவும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. வட்டம், நீள்வட்டம், பரவளையம் எல்லாம் கூம்பு வளைவுகள். பள்ளிக்கூடப் பாடம். அது அவ்வளவு எளிது என்பதால்தான் நாங்கள் அதைத் திரும்பிப் பார்த்ததே இல்லை. "வாங்க, போட்டுப் பார்ப்போம்" என்று பலகைக்குத் திரும்பினேன்.

கூம்பு வளைவுகளின் வெளி மூன்று துண்டாகப் பிரியும். உடையாத வளைவுகள் ஒரு துண்டு. உடைந்து இரண்டு கோடுகளாகப் போனவை இன்னொன்று. இரண்டு கோடும் ஒன்றின் மேல் ஒன்று படிந்தவை மூன்றாவது. நடுத் துண்டுக்கு வந்தேன். இரட்டைக் கோடுகள், ஒன்றின் மேல் ஒன்று படியாமல் பிரிந்து நிற்பவை. இந்த இரண்டு கோடுகளையும் ஒன்றுக்கொன்று இடம் மாற்றும் அசைவு குலத்தில் இருக்கிறது. அந்த இடமாற்றம் ஒரு பொருளை விட்டுச் செல்லும். அது பூஜ்யம் இல்லை, அதன் இருமடங்கு பூஜ்யம். அடுத்து, வெளியே போகும் திசைக்கான பொருளை எழுதினேன். அது வேறு ஏதோ ஒன்றின் சரியாக இருமடங்கு. இரண்டையும் பெருக்கினேன்.

பூஜ்யம்.

சாக்பீஸை வைத்துவிட்டு மறுபடி எடுத்தேன். எங்காவது குறி தவறியிருக்கும் என்று மேலே இருந்து பார்த்தேன். தவறவில்லை. பெரிய துண்டில் இப்படிப்பட்ட இடமாற்றம் வராமல் நாங்கள் எடுத்துக்கொண்ட செயல்பாடுகளின் வகையே தடுத்தது. உடைந்தவை இருக்கும் சின்னத் துண்டுகளில் அது நுழைந்துகொள்ளும் என்று நாங்கள் யோசிக்கவில்லை. அந்தப் பெண் முகம் சிவந்து, "சாரி மேம், நான் ஏதோ தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன்னு நினைக்கிறேன்" என்றாள்.

"இல்லை," என்றேன். "லெம்மா தப்பு."

தலைமை வகித்தவர் கருணையோடு தேநீர் இடைவேளை அறிவித்தார். நான் வெளியே தாழ்வாரத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று அவனைக் கூப்பிட்டேன்.

"நம்ம லெம்மா பொய். கூம்பு வளைவுலயே உடையுது. இரட்டைக் கோட்டுல."

மறுமுனையில் வகுப்பறைச் சத்தம் கேட்டது. அவன் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வருவது கேட்டது.

"தெரியும்," என்றான்.

எனக்கு அந்தச் சொல் புரியவில்லை. "என்ன தெரியும்?" என்றேன்.

"எனக்குத் தெரியும்டி. பொங்கலுக்கு முன்னாடியே."

போனை அணைத்தேன். மறுநாள் பேச்சுகளுக்கு நான் இருக்கவில்லை. அன்றே மத்தியான வண்டியில் ஏறிவிட்டேன். மலைப்பாதையில் மழை கொட்டியது. எதிரே உட்கார்ந்திருந்த குடும்பம் அருவியைப் பார்க்கச் சொல்லிப் பிள்ளைகளைத் தூக்கிக் காட்டியது. எனக்கு அழுகை வரவில்லை. அவன் "நன்னா இருக்கு" என்று சொன்ன ஒவ்வொரு பக்கத்தையும் வரிசையாக நினைத்துக்கொண்டே வந்தேன்.

வீட்டில் அவன் எனக்காகக் காத்திருந்தான். கிளாஸுக்கு விடுப்பு போட்டிருந்தான். ஜன்னலுக்கு வெளியே ஆலைப் புகை மழையோடு கலந்து நாறியது. நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"எப்படித் தெரிஞ்சுது?"

"பசங்களுக்கு இரட்டை நேர்கோடுகள் பாடம் எடுத்துண்டிருந்தேன். ஒரு சமன்பாட்டை ரெண்டு கோடாப் பிரிக்கணும். ஒரு பொண்ணு கேட்டா, சார், இதுல எது முதல் கோடு, எது ரெண்டாவது கோடுன்னு. எப்படி வேணா வச்சுக்கலாம், மாத்திக்கலாம்னு சொன்னேன். சொன்ன உடனே எனக்குக் கை நின்னு போச்சு. போர்டைப் பாத்துண்டே நின்னேன். பசங்க சிரிச்சா."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

அவன் என் பையை வாங்கிக் கீழே வைத்தான்.

"சரி பண்ணிடலாம்னு நெனச்சேன். சரி பண்ணிட்டு உங்கிட்ட ரெண்டையும் சேத்து சொல்லலாம்னு. டிரெயின்ல போறப்போ வர்றப்போ எல்லாம் போட்டுப் பாத்தேன். ஆகலை. அதுக்குள்ள அந்த வெளிநாட்டு மெயில் வந்துது. நீ அம்மாவுக்குப் போன் பண்ணிச் சொல்றே, பக்கத்து ரூம்ல நான் கேட்டுண்டிருக்கேன். அப்புறம் ஒவ்வொரு நாளும் கஷ்டமாயிடுத்து."

"நான் அதுக்கு மேல எழுதிட்டே இருந்தேன். நீ படிச்சுப் பாத்தே. நன்னா இருக்குன்னே."

"நன்னாதான் இருந்தது," என்றான். "லெம்மா உண்மையா இருந்திருந்தா."

இதைச் சொல்லும்போது அவன் கண்ணில் தண்ணீர். அதைப் பார்த்து எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஒரு முழுக் கூட்டத்தின் முன்னால் என்னைத் தனியாக நிற்க வைத்தவன் என்று மட்டும்தான் தோன்றியது. பொய்யான லெம்மாவை என்னால் தாங்கியிருக்க முடியும். கணிதம் செய்கிற எல்லோருக்கும் அது நடப்பதுதான். இரண்டு பேர் செய்த தவற்றை ஒருவன் எடுத்துப் பூட்டி வைத்துக்கொண்டதைத்தான் தாங்க முடியவில்லை.

மழைக்காலம் முழுக்க நான் அதைச் சரிசெய்ய உட்கார்ந்தேன். லெம்மாவுக்கு நிபந்தனைகளைக் கூட்டினால் எடுத்துக்காட்டு எதுவும் மிஞ்சவில்லை, குறைத்தால் லெம்மா மறுபடி உடைந்தது. ஒரே ஒரு வழிதான் இருந்தது. பின்னங்களை அனுமதித்துவிட்டால் இருமடங்கு பூஜ்யமாகிற அந்தப் பொருள் செத்துப்போகும், தையல் நிற்கும், எங்கள் தேற்றம் எழுத்துக்கு எழுத்து உண்மையாகும். ஆனால் அந்தத் தேற்றத்தை நான் மாணவியாகச் சேருவதற்கு வெகு முன்பே வேறு ஆட்கள் நிறுவிவிட்டார்கள். பொய்யை எடுத்துவிட்டுப் பார்த்தால் எங்கள் கட்டுரையில் எங்களுடையது என்று ஒரு வரிகூட இல்லை. மேசை முன்னால் உட்கார்ந்து அதை உணர்ந்த மத்தியானத்தை என்னால் விவரிக்க முடியாது. எழுந்து போய்த் துணி துவைத்தேன்.

அந்த வெளிநாட்டுப் பேராசிரியருக்கு நானே எழுதினேன். இப்படி நடப்பது சகஜம், நேர்மையாகச் சொன்னதற்கு நன்றி என்று அன்பாகப் பதில் வந்தது. அதன் பிறகு ஒன்றும் வரவில்லை.

ஒரு ஞாயிறு தனியாக அம்மாவிடம் போனேன்.

"ஏட்டி, மாப்பிள்ள வரலியா?"

"வரல. கணக்கு தப்பாப் போச்சும்மா. எல்லாம்."

"தப்புன்னா திருத்திற வேண்டியதுதான?"

"திருத்த முடியாது."

அம்மா என் முகத்தைப் பார்த்தாள். தட்டை நகர்த்தி வைத்தாள். "அவுக எதும் சொன்னாகளா ஒன்ன?" என்றாள்.

"ஒண்ணுமே சொல்லலம்மா," என்றேன். "அதான்."

அவளுக்குப் புரியவில்லை. புரிய வைக்க எனக்கும் தெம்பில்லை. குடிக்கிற மாப்பிள்ளைகளையும் அடிக்கிற மாப்பிள்ளைகளையும் எங்கள் தெரு பார்த்திருக்கிறது. ஒரு சமன்பாட்டைச் சொல்லாமல் விட்ட மாப்பிள்ளையைப் பற்றி அங்கே எப்படிப் புகார் சொல்வது?

அவன் கொஞ்ச நாளில் மாட்டுங்காவுக்குப் போனான். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்பது காரணம். அப்பாவுக்கு உடம்பு தேறியது, அவன் திரும்பவில்லை. இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. பேசாமல் இருப்பதில் நாங்கள் அதற்குள் தேர்ந்துவிட்டிருந்தோம்.

இதழிலிருந்து கட்டுரையைத் திரும்பப் பெற இரண்டு ஆசிரியர்களும் சம்மதிக்க வேண்டும். அதற்காக ஒரு சனிக்கிழமை மாட்டுங்கா வீட்டுக்குப் போனேன். அவன் அம்மா கதவைத் திறந்து, "வாம்மா, காபி கலக்கட்டுமா?" என்று விருந்தாளியைக் கேட்பது போல் கேட்டாள். கூடத்து மேசையில் அவன் லேப்டாப்பைத் திறந்து வைத்திருந்தான். மூன்று வரி எழுதினால் போதும்.

"நிறுவலில் ஓர் இடைவெளி இருக்குன்னு போடலாம்," என்றான்.

"இடைவெளி இல்ல. லெம்மா பொய்."

"இடைவெளின்னா கொஞ்சம் மரியாதையா இருக்கும். எல்லாரும் அப்படித்தானே எழுதறா."

"இடைவெளின்னா யாராவது அடைக்கலாம்னு அர்த்தம். இதை அடைக்க முடியாதுன்னு உனக்கு என்னைவிட முன்னாடியே தெரியும்."

அவன் தலையைக் குனிந்துகொண்டு 'பொய்' என்று தட்டினான். லெம்மாவை உடைத்த எடுத்துக்காட்டைக் கண்டது யார் என்று ஒரு வாக்கியம் சேர்க்க வேண்டும். புனே மாணவியின் பெயரைப் போடச் சொன்னேன். போட்டான். தன் பெயரைப் போட்டுக்கொள்ள அவன் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அனுப்பினோம். காபி ஆறிப்போயிருந்தது. வாசல் வரை வந்து, "ஜாக்கிரதையாப் போ, கூட்டமா இருக்கும்" என்றான். குர்லாவில் வண்டி மாறும்போது உண்மையிலேயே பயங்கரக் கூட்டம். என்னை யாரோ உள்ளே தள்ளினார்கள், நான் போனேன்.

கல்லூரியில் அடுத்த வருடம் எனக்கு வகுப்பு மணிகள் கொடுக்கவில்லை. இப்போது நெருளில் வேறு ஒரு கல்லூரியில் இரண்டாம் வருடப் பிள்ளைகளுக்குக் குலங்கள் பற்றி எடுக்கிறேன். அவன் தாணேயிலேயே இருக்கிறான், பெரிய வகுப்புகளைக் கொடுத்திருக்கிறார்களாம். விவாகரத்து என்று யாரும் எதுவும் செய்யவில்லை. கிறிஸ்துமஸுக்கு அவன் கூப்பிடுவான், தீபாவளிக்கு நான். நான் இப்போது ஆராய்ச்சிக் கட்டுரைகள் படிப்பதில்லை. காலையில் எழுந்ததும் நேராகக் கணக்குக்குப் போகிற அந்தப் புத்தி எங்கே போனது என்று தெரியவில்லை. முதலில் வலி இருந்தது. பிறகு வலியும் நின்றுவிட்டது. நின்றுபோனதுதான் பயமாக இருக்கிறது.

போன மாதம் அந்தப் புனே பெண் தன் கட்டுரையை எனக்கு அனுப்பியிருந்தாள். முழு எண்களில் தையல் எங்கே நிற்கும், எங்கே உடையும் என்று அவள் முழுவதுமாகக் கண்டுபிடித்திருந்தாள். உடையும் இடத்தில் என்ன மிஞ்சும் என்பதையும் எழுதியிருந்தாள். நாங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அதுதான். முன்னுரையில் எங்கள் இருவர் பெயரையும் சொல்லி, எங்கள் தவறான லெம்மாவிலிருந்துதான் இது தொடங்கியது என்று நன்றி தெரிவித்திருந்தாள். மரியாதையாகத்தான் எழுதியிருந்தாள். நெருளிலிருந்து திரும்பும் வண்டியில் நின்றுகொண்டே போனில் அதைப் படித்தேன். படித்தேன் என்பதைவிட, அதில் ஒரு தப்பாவது இருக்காதா என்று தேடினேன் என்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு வரியிலும் தேடினேன். இல்லை.

அன்று பண்டிகை எதுவும் இல்லை. ஆனாலும் நான் அதே வண்டியில் இருக்கும்போது அவன் கூப்பிட்டான்.

"அந்தப் பொண்ணு அனுப்பினதப் பாத்தியா?"

"பாத்தேன்."

"நன்னா இருக்கு இல்ல?"

"ஆமா," என்றேன்.

இருவரும் போனை வைக்கவில்லை. அவன் பக்கம் ஏதோ ஸ்டேஷன் அறிவிப்பு கேட்டது. பிறகு மான்கூர்டு ஸ்டேஷனுக்கு முன்னால் போன் சிக்னல் போய்விட்டது. அவன் திரும்பக் கூப்பிடவில்லை, நானும் கூப்பிடவில்லை.